துடிக்கிற இதயத்துல பைபாஸ்: நிறுத்தாம பண்றதுதான் பெஸ்டா?

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, அப்பாவுக்கு பைபாஸ் பண்ணணுமாம். ஒரு டாக்டர் இதயத்தை நிறுத்திட்டுப் பண்ணுவாராம், இன்னொருத்தர் துடிக்கும்போதே பண்ணுவாராம். நிறுத்தாம பண்றதுதானே சேஃப்?"

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்க யோசிக்காம ஆமான்னுடுவோம். சர்வரை டவுன் பண்ணாம பேட்ச் போடுறதுன்னா யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா இங்க அந்த லாஜிக் செல்லாது.

வழக்கமான முறையில, ஹார்ட்-லங் மெஷின் ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏத்தி உடம்புக்குத் திருப்பி அனுப்பும். இதயம் அசையாம இருக்கும், சர்ஜன் நிதானமா தைப்பார். மெஷின் இல்லாத முறையில இதயம் துடிச்சுக்கிட்டே இருக்கும். ஆக்டோபஸ்னு ஒரு கருவி (பேரே அதான்!) உறிஞ்சிப் பிடிச்சு, தைக்கிற இடத்தை மட்டும் அசையவிடாம வைக்கும். தைக்க வேண்டிய ரத்தக்குழாய் ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர்தான். பின்பக்கக் குழாய்னா இதயத்தையே தூக்கிப் பிடிக்கணும். தூக்கினா பிரஷர் இறங்கும். இது புது டெக்னாலஜியும் கிடையாது. லெனின்கிராட்ல கோலெசொவ் 1964-லேயே பண்ணிட்டார்.

சரி, ரிசல்ட்? 2009-ல வந்த 'ரூபி' ஆய்வு, அமெரிக்காவுல 2,203 பேர். ஒரு வருஷம் கழிச்சு அடைக்காம திறந்திருந்த பைபாஸ் குழாய்கள், மெஷினோட பண்ணினதுல 87.8 சதவீதம், இல்லாம பண்ணினதுல 82.6. அந்த சர்ஜன்களுக்கு இதுல அனுபவம் பத்தலைன்னு விமர்சனம் வந்துச்சு. அடுத்து 'கரோனரி' ஆய்வு: இந்தியா உட்பட 19 நாடுகள், 4,752 பேர், கை தேர்ந்த சர்ஜன்கள். அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. எனக்கு இதுல தெரியறது, முறையைவிட கைப்பழக்கம் முக்கியம்.

ஒரு விஷயம் மட்டும் தனி. மகாதமனியில கால்சியம் நிறைய படிஞ்சிருந்தா, மெஷினுக்காக அங்க கிளாம்ப் போடும்போது துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போய் ஸ்ட்ரோக் வரலாம். அந்த மாதிரி ஆளுங்களுக்கு மகாதமனியைத் தொடாம, துடிக்கும்போதே பண்றதுக்குத் தெளிவான காரணம் இருக்கு.

அதனால தங்கச்சி, ரெண்டு டாக்டர்கிட்டயும் மூணு கேள்வி கேளுங்க. அப்பாவோட மகாதமனி எப்படி இருக்கு? இந்த முறையில வருஷத்துக்கு எத்தனை கேஸ் பண்றீங்க? பாதியில மெஷினுக்கு மாற வேண்டி வந்தா டீம் ரெடியா இருக்குமா? பதிலைக் கேட்டுட்டு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க, அதையும் பேசுவோம்.