முதல் பயணத்தில் ஒரு டிரம்மர்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இசைக்குழு ஆரம்பிக்கணும்னு துடிக்கிற மாணவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்றேன். 1960 மே மாதம். பின்னாளில் உலகையே ஆட்டி வைத்த பீட்டில்ஸ், ஜானி ஜென்டில் என்ற பாடகருக்குப் பக்கவாத்தியமாக ஸ்காட்லாந்து போனார்கள். அதுதான் அவர்களின் முதல் சுற்றுப்பயணம். லெனனும் சட்கிளிஃபும் கலைக்கல்லூரி மாணவர்கள்; ஹாரிசனுக்கு வயசு 17. ஆளும் சாமானும் ஒரே வேனில். ஏழு நிகழ்ச்சிகள். கையில் காசும் கரைஞ்சு போச்சு.

மே 23 அன்று வேன் ஒரு காரில் மோதியது. சாமான்கள் சரிந்து டிரம்மர் டாமி மூரின் வாயில் அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர், அன்றிரவே ஃபிரேசர்பரோவில் மேடையேறி வாசித்தார்! ஊர் திரும்பியதும் கொஞ்ச நாளில் குழுவை விட்டு பாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்.

அவரைத் தோற்றவர்னு சொல்லாதீங்க. அந்த ராத்திரி கச்சேரி நின்னு போகாமல் காத்தவர் அவர்தான். தம்பிகளா, துணிஞ்சு கிளம்புங்க. ஆனா, பாதி வழியில் இறங்கினவனையும் நாளைக்கு மேடையில் பேர் சொல்லிக் கூப்பிடுங்க.