சேமலாபப் பணமும் காணி ஈடும்



1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8ம், தோட்டத்தின் பங்காக 12ம் ஊழியர் சேமலாப நிதியிற் சேர்கின்றன. கொழுந்து பறித்த கைகள் ஓய்ந்தபின் கிடைக்கும் அப்பணத்தை, கூடிய வட்டிக்கு ஆசைப்பட்டுக் காணியை நம்பிக் கடனாகக் கொடுப்போரும் உண்டு.

வெறும் கைச்சீட்டு காணியைக் கட்டாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஈட்டுறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். உறுதியில்லாத லயக்காம்பராவை ஈடு வைக்கவும் இயலாது.

ஆகவே வாலிபர்களே, தாய் தந்தையர் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் உறுதியை வாசித்துக் காட்டுங்கள். அக்காணி முன்னரே பிறருக்கு ஈடாயிருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்.