கணனிக்குள் அகப்பட்ட ஏடுகள்



அண்மையில் நண்பர் ஒருவர் பழைய பிளொப்பி ஒன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். காலஞ்சென்ற அவருடைய தமையனார் 1996ஆம் ஆண்டளவில் எழுதிய சிறுகதைகள் அதில் இருந்தன. நூலாக வெளிவராதவை, கையெழுத்துப் பிரதியும் இல்லை. பிளொப்பியை வாசிக்கும் கருவியைத் தேடிப்பிடிக்கவே இரண்டு வாரம் சென்றது. கோப்பைத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒரு சொல்லேனும் தமிழாக இல்லை.

தொண்ணூறுகளில் நாம் கணனியில் அடித்த தமிழ் பெரும்பாலும் வேடமிட்ட தமிழ். ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் வடிவத்தைப் பொருத்தியிருந்தார்கள். கணனி அதனை ஆங்கிலமென்றே எண்ணிச் சேமித்தது. பாமினி போன்ற எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுத்தது. எழுத்துரு இல்லையேல் முகமும் இல்லை. இந்தப் பொருத்தமும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. ஆயினும் எங்கள் அச்சகங்கள் நெடுங்காலம் பழைய வழியிலேயே சென்றன.

அந்த எழுத்துருக்களை நான் பழிக்கமாட்டேன். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த காலத்தில், சிறுசஞ்சிகை ஒன்று கொண்டுவருவதென்றால் வீட்டு நகை அடகுக்குப் போகும். கணனி வந்தபின் இரண்டு இளைஞர்கள் ஓர் அறைக்குள் இருந்தே பக்கங்களை அமைத்தார்கள். அச்சுக்கோப்பாளரின் தொழில்தான் போயிற்று. இடம்வலம் மாறித் தெரியும் எழுத்தை வாசித்து, என் லகர ளகரப் பிழைகளையும் திருத்தித் தந்த ஒருவர் இருந்தார். என் கதைகளின் முதல் வாசகர் அவரே.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகள் செல்லுக்கு இரையாவது கண்டு மனம் நொந்தவர் அவர். ஆனால், செல்லரித்த ஏட்டிலே எஞ்சிய எழுத்து எழுத்தாகவே இருந்தது. வாசிக்கத் தெரிந்த கண் போதும். இங்கே எழுத்து முழுவதும் இருக்கிறது, கண்ணுக்குத்தான் வழியில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சான ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்து வருகிறது. அச்சேறாமல் மேசை லாச்சிகளுக்குள் கிடக்கும் பிளொப்பிகளை யார் தேடுவார்?

எழுத்துருவை ஊகித்து, நண்பரின் கோப்புகளிற் பலவற்றை ஒருவாறு மீட்டோம். இரண்டு கதைகள் மட்டும் எதற்கும் வசப்படவில்லை. அவற்றின் தலைப்புகளைத் தமையனார் பிளொப்பியின் மேல் ஒட்டிய தாளிலே பேனாவால் எழுதியிருந்தார். அவற்றை வாசித்தோம்.