கூரையிலே விளையும் மின்சாரம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2022 ஆம் ஆண்டிலே இந்நாடு நாள்தோறும் பல மணி நேரம் இருளில் மூழ்கிக் கிடந்ததை எவரும் மறந்திலர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலும், பின்னர் 2023 பெப்ருவரியிலும் மின்கட்டணம் இருமுறை பெரிதும் உயர்த்தப்பட்டது. அன்று தொட்டு, "கூரையிலே சோலர் போடுவோமா?" என்னும் பேச்சு எமது வீடுகள் பலவற்றிலே எழுந்துள்ளது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை பணம் அனுப்புகிறேன் என்கிறான். வங்கி கடன் தருகிறேன் என்கிறது. விற்க வந்தவரோ சில ஆண்டுகளிலே போட்ட முதல் திரும்பிவிடும் என்கிறார். வீட்டுக்காரர் காணியுறுதியைக் கையிலே வைத்துக்கொண்டு யோசிக்கிறார். அவருக்கு உதவக்கூடிய சில கணக்குகளை எடுத்துக் கூறுவதே இன்று எமது நோக்கமாகும்.

முதலில் பொருளின் இயல்பை அறிவோம். சிலிக்கன் என்னும் மூலகத்தாலான தகட்டிலே ஒளி படும்போது மின்னோட்டம் பிறக்கிறது. 1954 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் காட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மேற் பட்ட ஒளியிலே நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்று விற்கப்படும் நல்ல தகடுகள் 20 பங்குக்கு மேல் ஆக்குகின்றன. எமது நாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடுகள் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 110 அலகு தரும். ஐந்து கிலோவாற்று போட்டால் ஏறக்குறைய 550 அலகு கிடைக்கும். ஆயின் முற்றத்து மாமரமும் வேலியோரத் தென்னையும் தகட்டின் மேல் நிழல் வீழ்த்துமாயின் இக்கணக்குப் பலிக்காது. ஆதலால் வாங்குமுன், காலை முதல் மாலை வரை கூரையிலே நிழல் எங்கெங்கே விழுகிறது என்று ஒருநாள் நின்று பார்ப்பது நன்று.

இனி, அரசாங்கங்கள் இதற்கு எவ்வாறு கைகொடுக்கின்றன? வழிகள் மூன்று. முதலிலேயே விலையில் ஒரு பகுதியைத் தாம் ஏற்பது ஒன்று. மிஞ்சும் மின்சாரத்தை உறுதியான விலைக்கு வாங்குவது இன்னொன்று. குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கச் செய்வது மூன்றாவது. அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் முதல் வழியைப் பெரிதும் பின்பற்றுகின்றன. இந்தியாவிலே 2024 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, இரண்டு கிலோவாற்றுக்கு 60,000 இந்திய ரூபாவும், மூன்று கிலோவாற்றுக்கும் அதற்கு மேலும் 78,000 இந்திய ரூபாவும் மானியமாக வகுக்கப்பட்டன. இலங்கையிலோ நாம் சிறப்பாகக் கண்டது இரண்டாவது வழியையே.

2010 ஆம் ஆண்டளவில் இங்கே வந்த முறையின்படி, மிஞ்சிய அலகுகள் எம் பெயரிலே வரவு வைக்கப்படும், காசு கிடையாது. 2016 செப்டெம்பரில் தொடங்கிய 'சூரியபல சங்கிராமய' திட்டமே காசு கொடுக்கும் முறையைக் கொணர்ந்தது. முதல் ஏழாண்டுக்கு அலகு ஒன்றுக்கு 22 ரூபாவும், அதன்பின் இருபதாம் ஆண்டுவரை 15 ரூபா 50 சதமும் என்பது அன்றைய ஏற்பாடு. 2022 இல் புதிதாகச் சேர்ந்தோருக்கு விலை 37 ரூபாவாக உயர்ந்தது. 2024 இல் அது 27 ரூபாவாகக் குறைந்தது. 2025 இல் ஐந்து கிலோவாற்று வரையுள்ள சிறு வீடுகளுக்கு 20 ரூபா 90 சதமாயிற்று.

இவ்வெண்களின் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு வீடு மாதந்தோறும் 400 அலகு விற்கிறது என வைப்போம். 37 ரூபா வீதம் அதற்கு 14,800 ரூபா வரும். 27 ரூபா வீதம் 10,800 ரூபா. 20 ரூபா 90 சதப்படி 8,360 ரூபா. தகடும் வெயிலும் ஒன்றே. ஒப்பந்தத்திலே கையொப்பமிட்ட ஆண்டுதான் வேறு. ஆகவே, "அடுத்த வீட்டாருக்கு இவ்வளவு வருகிறதே" என்று பார்த்துக் கடன் எடுத்தல் தகாது. அவர் ஒப்பந்தத்தின் விலை அவருக்கு. எமது ஒப்பந்தத்தின் விலை எமக்கு. கடனுக்குக் கட்டவேண்டிய மாதத் தவணையை ஒருபுறமும், குறையும் மின்கட்டணத்தையும் கிடைக்கும் காசையும் மறுபுறமும் எழுதிப் பார்த்த பின்னரே பேனையை எடுத்தல் வேண்டும்.

விலை ஏன் இவ்வாறு இறங்கியது? தகட்டின் விலை குறைந்தமை ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆழமானது. சூரியன் நண்பகலிலே அள்ளித் தருகிறான்; நாமோ விளக்கேற்றும் வேளையிலேயே மிகுதியாகச் செலவழிக்கிறோம். 2025 பெப்ருவரி 9 ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு தொட்டதால் நேர்ந்தது என அமைச்சர் கூறியதை யாவரும் அறிவர். மின் தேவை குறைந்த அந்த ஞாயிறன்று சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையால், சிறு பழுதைத் தாங்கும் வலு அமைப்புக்குக் குறைந்திருந்தது என்பதும் பின்னர் விளக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைத் தகடுகளைப் பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. கடன்பட்டுத் தகடு போட்டவர் வெயில் காயும் நேரத்தில் அதை நிறுத்த நேர்ந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். தகடு போட்டுவிட்டால் ஊரிலே மின்சாரம் நின்றாலும் எம் வீட்டில் விளக்கு எரியும் என்று பலர் கருதுகின்றனர். பொதுக்கம்பியோடு மட்டும் இணைத்த தகடுகள், கம்பியிலே மின்சாரம் நின்றதும் தாமும் நின்றுவிடும். கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இருளிலும் விளக்கு வேண்டுமாயின் பற்றறியும், அதற்கேற்ற இன்வேற்றரும் வேண்டும்.

பற்றறியால் இலாபம் உண்டா? 2025 இல், பகலிலே சேமித்து மாலை உச்ச வேளையிலே கொடுக்கும் மின்சாரத்துக்கு அலகு ஒன்றுக்கு 45 ரூபா 80 சதம் என விலை வகுக்கப்பட்டது. பத்து அலகைப் பற்றறியிலே இட்டால் ஏறக்குறைய ஒன்பது அலகே திரும்பும். அவ்வொன்பது அலகும் மாலையில் 412 ரூபா தரும். அதே பத்து அலகைப் பகலிலே விற்றால் 209 ரூபாவே வரும். நாளொன்றுக்கு வேறுபாடு 203 ரூபா. மாதத்துக்கு ஏறக்குறைய 6,100 ரூபா. பத்தாண்டுக்கு ஏழு இலட்சத்து முப்பதினாயிரம் ரூபா. மழைநாட்களையும், பற்றறி ஆண்டுதோறும் வலுக்குன்றுவதையும் கழித்தால் தொகை இன்னும் குறையும். ஆகவே பத்து அலகுப் பற்றறியின் விலையும் வட்டியும் சேர்ந்து இத்தொகைக்கு நன்கு உட்பட்டதாயின் வாங்கலாம். மிஞ்சுமாயின் பொறுத்திருப்பதே அறிவுடைமை. விலைகள் மாறலாம், கணக்குப் பார்க்கும் முறை மாறாது.

அவுஸ்திரேலியாவின் அனுபவம் எமக்குப் பயன்படக்கூடியது. மெல்பேணிலும் சிட்னியிலும் வாழும் எம்மவர் பலர் இதை நேரில் அறிவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2010 இல் அலகு ஒன்றுக்கு 60 சதம் கொடுத்தது. மக்கள் திரண்டு வரவே, அவ்வாண்டிலேயே புதியவர்களுக்கு அது 20 சதமாகக் குறைக்கப்பட்டது. 2016 முடிவில் திட்டமே நிறைவுற்றது. 2025 ஜூலை முதல் மத்திய அரசாங்கம் வீட்டுப் பற்றறிகளின் விலையிலே ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கைத் தான் ஏற்கத் தொடங்கியது. அதற்கென ஒதுக்கியது 230 கோடி டொலர். ஆறு மாதம் முடியுமுன்னரே அத்தொகையை 720 கோடியாக உயர்த்த நேர்ந்தது. எதிர்பார்த்ததிலும் பெரிய பற்றறிகளைப் பலர் வாங்கியதே இதற்கு ஒரு காரணம். அதன்மேல், 2026 மே முதல் பற்றறி பெருகப் பெருக உதவி வீதம் குறையும் என்று அவ்வரசாங்கம் அறிவித்தது. பெரிய வீட்டுக்காரருக்குப் பெரிய பங்கு போய்ச் சேராதிருக்க இட்ட அணை என்றே இதை நாம் கொள்கிறோம்.

அன்பர்களே, இவ்விடத்திலேதான் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மானியம் வானத்திலிருந்து வருவதன்று. வரி செலுத்துபவரும், மாதக் கட்டணம் கட்டுபவருமே அதைத் தருகின்றனர். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரை சொந்தமில்லை. மலையகத்து லயன் அறையிலே வாழும் தோட்டத் தொழிலாளிக்குக் கூரையுமில்லை, ஈடுவைக்கக் காணியுமில்லை. எம்மூர் ஓலைக்குடிசைக்குத் தகட்டின் பாரத்தைத் தாங்கும் வலுவில்லை. இருந்தும் அவர்கள் கட்டும் கட்டணத்திலும் கூரையுடையோருக்குக் கொடுக்கும் விலை அடங்கியிருக்கிறது. ஆகையால், கொடுப்பதையே நிறுத்துக என்பது எமது கருத்தன்று. சிறு வீட்டுக்கு முதலிடமும், கூரையற்றோருக்குப் பொதுக் கட்டடத்துக் கூரையிலே ஒரு பங்கும் கிடைக்க வேண்டுமென்று கேட்பது நியாயமானது. வாசிகசாலையும் சனசமூக நிலையமும் பாடசாலையும் பகலிலே இயங்குவன. அவற்றின் கூரைகளே இதற்கு ஏற்றவை.

சங்கத்து இளைஞர் செய்யக்கூடியது யாது? கடன் எடுக்க நினைக்கும் அயலவரோடு இருந்து கணக்கெழுதிக் கொடுக்கலாம். ஒப்பந்தம் எம்மொழியில் இல்லாவிடின் கையொப்பத்துக்கு முன் வாசித்து விளக்கலாம். தகட்டுக்கும் இன்வேற்றருக்கும் பற்றறிக்கும் உத்தரவாதம் தனித்தனி எத்தனை ஆண்டு என்று எழுத்திலே கேட்டு வாங்கச் செய்யலாம். தகடு போட்ட வீடுகளிலே நீரிறைப்பதையும் உடுப்பு மினுக்குவதையும் நண்பகலுக்கு மாற்றப் பழக்கலாம். அதற்கு எந்த மானியமும் வேண்டியதில்லை. மின்னியல் கற்கும் தம்பிமார் இத்தொழிலை முறையாகப் பயின்றால், பிற ஊராரை எதிர்பாராது எம்மூரிலேயே பழுது பார்க்கலாம்.

வெயில் எமக்கு விலையின்றிக் கிடைப்பது. அதைப் பிடிக்கும் கருவியோ கடனோடு வருவது. கூட்டிக் கழித்துப் பார்த்து இறங்குபவருக்கு அது வருவாயாகும். பாராது இறங்குபவருக்குக் காணியுறுதி வங்கியிலேயே கிடக்கும். எமது அயலிலே எவருக்கும் அந்நிலை வாராது காப்பதை இச்சங்கம் இவ்வாண்டின் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாறு வேண்டி அமைகின்றோம்.