பாட்டும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்



வண்டி ஓட்டுபவருக்குப் பாட்டு நல்ல துணை. தூரப் பயணத்தில் அலுப்புத் தெரியாது. பழைய கார், வேன் பலவற்றில் ஸ்டீரியோ இருக்காது. டெல்லி காஷ்மீரி கேட், பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற இடங்களில் வாங்கிப் பூட்டுவார்கள். பெட்டி நன்றாக இருந்தால் போதுமா? போதாது. வயரும் சரியாக இருக்க வேண்டும்.

கார் பேட்டரி 12 வோல்ட்தான். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பலருக்குப் பயம் இல்லை. ஆனால் ஆபத்து சூட்டில் இருக்கிறது. பேட்டரியின் பிளஸ் வயர் தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் என்ன ஆகும்? மின்சாரம் ஒரே மூச்சில் பாயும். வயர் பழுக்கக் காயும். பிளாஸ்டிக் உருகும். தீப்பிடிக்கும். வண்டிதான் ஓட்டுபவரின் பிழைப்பு. கடனும் அதன் மேல்தான். உள்ளே பயணிகளும் இருப்பார்கள்.

எனவே முதலில் சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏன் மைனஸ்? வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். மைனஸில் அந்தப் பயம் இல்லை. வேலை முடிந்தபின் மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

இனி, வயர்களின் நிறம். பெரும்பாலான பெட்டிகளில் இப்படி இருக்கும்:

மஞ்சள்: எப்போதும் மின்சாரம் வர வேண்டிய வயர்.
சிவப்பு: சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய வயர்.
கறுப்பு: மைனஸ். பெயின்ட்டைச் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.
வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா: ஸ்பீக்கர் வயர்கள். கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

வீட்டில் பச்சை என்றால் எர்த். இங்கே பச்சை ஸ்பீக்கருக்கு. வீட்டுக் கணக்கை வண்டியில் போடாதீர்கள். ஸ்பீக்கர் வயர் எதையும் வண்டியின் இரும்பில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பெட்டி கெடும். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள தாளை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுங்கள்.

சிலர் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரே பேட்டரியில் கொடுப்பார்கள். சாவியை எடுத்த பிறகும் பெட்டி ஓடும். கணக்குப் போடுங்கள். பேட்டரி 35 ஆம்பியர்-மணி. பெட்டி 5 ஆம்பியர் இழுக்கிறது. 35-ஐ 5-ஆல் வகுத்தால் 7 மணி நேரம். அதற்கு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது. விடியற்காலை சவாரி போச்சு!

பியூஸ்தான் வண்டியின் காவல்காரன். பேட்டரியிலிருந்து வயர் இழுத்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வையுங்கள். 10 ஆம்பியர் போட வேண்டிய இடத்தில் 30 போடாதீர்கள். செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றவே கூடாது. பியூஸ் மறுபடியும் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், வெயிலில் பசை விட்டுவிடும். ஈயப் பற்று வைத்து, மேலே உறை போடுங்கள். தகட்டு ஓட்டை வழியாக வயர் போனால் ரப்பர் வளையம் போடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. லாரிகள் பலவற்றில் 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் பெட்டியை நேரே கொடுத்தால் எரிந்துவிடும். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அதன் வயர்கள் ஸ்டீயரிங் பக்கம் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள்.

கடையில் பூட்டக் கொடுத்தாலும் தயங்காமல் கேளுங்கள்: "பியூஸ் எங்கே? எத்தனை ஆம்பியர்?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.