கடினமான பிரசங்கம்

(பொன்விழாவின் இரண்டாம் நாள் மாலை, நற்கருணை ஆசீருக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மறையுரையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்களில் ஒருவரே வாசற்படி இறங்கும்போது திரும்பி நின்று, "சாமி, பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள், எளிமையாக இருக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். மறையுரையைப் பற்றி நம் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நான் வேறெங்கும் போய் விசாரிக்க வேண்டியதில்லை!

பொன்வாய் அருளப்பரைப் பற்றியும் அகுஸ்தினாரைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவர்களை விட்டுவிட்டு உங்களை நம் வேலிக்கு வெளியே, வெகுதூரம், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகருக்கு அழைத்துப் போகிறேன். மோர்மன் சபையார் என்று உலகம் சொல்லும் மக்களின் தலைநகர் அது.

அவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில், ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபை அது. 1844-இல் அவர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். ப்ரிகம் யங் என்பவர் மக்களைத் திரட்டி மேற்கே நடத்திச் சென்று 1847-இல் அந்த உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். நம் விசுவாசத்துக்கும் அவர்கள் போதனைக்கும் இடையே உள்ள தூரம் சிறிதல்ல. தமதிரித்துவத்தைப் பற்றி அவர்கள் கொள்வதும் நாம் கொள்வதும் ஒன்றல்ல. ஆகவேதான் அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உரோமை அறிவித்தது. இதை மறைத்துவிட்டு நான் பேசப் போவதில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் வழிபாடு வேறு என்பதற்காக, அவர் வீட்டில் பிள்ளைகள் கண்விழித்துப் படிப்பதைப் பாராட்டக்கூடாது என்று எந்த மறைக்கல்வியிலும் எழுதியிருக்கவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச் சபைகளில் குருமடத்தில் படித்த குருக்கள் கிடையாது. சபைத் தலைவராக இருப்பவர் வாரத்தில் ஆறு நாளும் ஆசிரியராகவோ விவசாயியாகவோ கணக்கராகவோ சொந்த வேலை செய்கிறவர். இதற்குச் சம்பளமும் இல்லை. ஞாயிறு வழிபாட்டில் பிரசங்கம் செய்வது சபையார்தாம். முன்கூட்டியே சிலருக்குச் சொல்லி வைப்பார்கள், அவர்கள் ஆயத்தம் செய்துகொண்டு வந்து பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் சிறுமிக்கும் அந்த அழைப்பு வரும். இப்படிப் பேசினால் எல்லாப் பேச்சும் ஒரே தரத்தில் இராது என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆனால் பேசும் முறை தனக்கும் ஒருநாள் வரும் என்று அறிந்தவன் கேட்கும் விதமே வேறு, கவனித்தீர்களா? நம்மில் சிலர் மறையுரை நேரத்தில் கோயில் வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். (யாரென்று சொல்லப் போவதில்லை, விழா நாள்.)

ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், பொது மாநாடு கூடுகிறார்கள். 1867-இல் கட்டி முடித்த வளைகூரை மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூடினார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து 21,000 பேர் அமரும் புதிய மண்டபத்தில் கூடுகிறார்கள். பேசப்பட்ட உரைகளெல்லாம் அச்சாகி வீடு வந்து சேரும்.

அந்தச் சபையில் பி. எச். ராபர்ட்ஸ் என்றொருவர் இருந்தார். 1857-இல் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, சுரங்கத்திலும் கொல்லன் பட்டறையிலும் உழைத்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே பிந்தித்தான். பின்னாளில் அவர்களுடைய தலைசிறந்த வேத அறிஞர்களுள் ஒருவராக வளர்ந்தார். அவர் தம் வாழ்நாளின் கனியாக எழுதிய பெருநூலை அவர் சபைத் தலைவர்களே ஏற்று வெளியிடவில்லை. 1933-இல் அவர் இறந்தார், நூல் அச்சானது 1994-இல். சிந்திக்கிறவனுக்குச் சொந்த வீட்டில் கிடைக்கும் வரவேற்பு எல்லாச் சபையிலும் ஏறக்குறைய ஒன்றுதான் போலிருக்கிறது.

நான் விரிவாகச் சொல்ல வந்தது நீல் மேக்ஸ்வெல் என்பவரைப் பற்றி. 1926-இல் சால்ட் லேக் நகரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் இரண்டாம் உலகப் போருக்குப் போய், 1945-இல் ஒக்கினாவாத் தீவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது பதுங்குகுழியில் மண்டியிட்டு, உயிர் பிழைத்தால் அந்த உயிர் ஆண்டவருக்கே என்று வாக்களித்தார். திரும்பி வந்து அரசியல் அறிவியல் படித்து, யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் நிர்வாகத் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1981-இல் அவர்களுடைய பன்னிரு அப்போஸ்தலர் குழுவில் ஒருவரானார். படிப்பே ஆராதனை ஆகலாம், அறிஞனும் சீடனும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பது அவருடைய விடாத கருத்து.

அவருடைய ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்து விழும். நம் காதுக்கு இது புதிதல்ல, மோனை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடுக்குமொழிப் பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் "என்ன சொன்னார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டவர்களும் நாம்தாம். மேக்ஸ்வெல்லின் பேச்சில் மோனையை உரித்துப் பார்த்தால் உள்ளே பருப்பு இருக்கும். ஒரு வாக்கியத்தை மென்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் அச்சில் வந்தபின் நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டிய உரைகள் அவை. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சி. எஸ். லூயிஸ் அவருக்கு மிகவும் பிடித்த ஆசிரியர். வேலி தாண்டிப் படிக்க அவரும் அஞ்சவில்லை.

1995 அக்டோபர் மாநாட்டில் அவர் பேசிய பொருள், நம் சித்தத்தைத் தந்தையின் சித்தத்தில் கரைத்துவிடுவது. அவர் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். நீ கடவுளுக்குக் காணிக்கை கொடுக்கிறாய். பணமா? அது அவர் தந்தது. நேரமா, உடல் உழைப்பா? அவையும் அவரிடம் வாங்கிய கடன்தான். அப்படியானால் பீடத்தில் வைக்க உன்னுடையது என்று ஏதாவது உண்டா? உன் சித்தம் ஒன்றுதான் உண்மையில் உன்னுடையது. மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு அதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டால் நீ இன்னும் எதையும் கொடுக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள், கோயில் திருப்பணிக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று பலகையில் எழுதியிருக்கிறோமே, அதன் எதிரில் நின்று இதை எண்ணிப் பாருங்கள்!

இந்த இடத்தில் நம் புனித இஞ்ஞாசியாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவருடைய ஒப்புக்கொடுத்தல் செபம் நம்மில் பலருக்கு மனப்பாடம். அதில் அவர் தம் சுதந்திரம், நினைவு, அறிவு, சித்தம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, இவை எல்லாமே நீர் தந்தவை, உமக்கே திருப்பித் தருகிறேன் என்கிறார். சித்தமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! மேக்ஸ்வெல் விதிவிலக்காக வைத்த அந்த ஒன்றையும் இஞ்ஞாசியார் கடன் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்.

இது வெறும் சொல் வேறுபாடு அன்று. ஜோசப் ஸ்மித் 1833-இல் வெளிப்பாடு என்று தந்த போதனையின்படி மனிதனில் உள்ள அறிவொளி படைக்கப்பட்டதல்ல, அனாதியானது. அந்த அடித்தளத்தில் நிற்கிறவர், சித்தம் ஒன்றே என் சொந்தம் என்று சொல்வது பொருந்துகிறது. நாமோ கடவுள் எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கினார் என்று சின்னஞ்சிறு வயதில் உபதேசியாரிடம் படித்தோம். அப்படிப் படித்தவன் "இது என் சொந்தம்" என்று சொல்லிக் கடவுள் முன் எதையும் நீட்ட முடியாது. அப்படியானால் என் காணிக்கைக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். கிணற்றிலிருந்து நீர் இறைத்துக் கொடுக்கிறேன். இறைக்கும் கை என் கை, களைப்பும் என்னுடையதுதான். ஊற்று என்னுடையதல்ல. கடவுள் நம் சித்தத்தோடு போட்டி போடுகிறவர் அல்லர், அதன் ஊற்றே அவர்தான் என்று அக்குவினா தோமையார் காட்டும் வழி இது. பாருங்கள், வேறொரு சபையாரின் கடினமான பிரசங்கம், நாம் வாய்ப்பாடம் சொன்ன ஒரு செபத்தின் ஆழத்துக்கு நம்மைக் கொண்டுவந்து விட்டுவிட்டது.

அடுத்த ஆண்டே, 1996-இன் இறுதியில், மேக்ஸ்வெல்லுக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள். சித்தத்தைக் கொடு என்று பேசியவரிடம் சித்தம் கேட்கப்பட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டே மேடையேறினார். 2004 ஜூலையில் இறக்கும்வரை ஏறக்குறைய எட்டாண்டுகள் பேசினார், நோயாளிகளைத் தேடிப்போய்ச் சந்தித்தார். தன் மக்களுக்கு உண்மையோடு போதிப்பதற்காகவே ஆண்டவர் இந்நோயைத் தமக்குத் தந்ததாக உள்ளத்தில் உணர்ந்தேன் என்று அவர் சொன்னதாக அவர் வரலாற்றில் காண்கிறோம்.

இதை நான் அப்படியே ஏற்கவில்லை. கடவுள் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு என்று நம் திருச்சபை பிரித்துக் காட்டுகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர் அதைச் சொன்னது தம் சொந்த நோயைப் பற்றி. அடுத்தவன் படுக்கையருகில் நின்று சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்? சென்ற ஆண்டு நம் பங்கில் ஓர் இளந்தாயை அடக்கம் செய்தோம். கல்லறையிலிருந்து எல்லாரும் கலைந்த பின் அவள் கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, இதுவும் கடவுள் சித்தமா?" என்று கேட்டான். அன்று நான் அவனோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அழுகிறவனுக்குப் பாடம் நடத்தக்கூடாது. மூன்று மாதம் கழித்து அவனே வந்து அதே கேள்வியைக் கேட்டான். இம்முறை பதில் வேண்டும் என்று கேட்டான். விரும்புவது, அனுமதிப்பது என்று தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே, "அனுமதித்தால் என்ன, தடுக்க முடிந்தவர்தானே?" என்று மடக்கினான். ஏழாவது வரை மட்டுமே படித்த கொத்தனார் அவர். புனித அகுஸ்தினாரின் கேள்வி அது! நம் மக்களுக்குக் கடினமானது புரியாது என்று யார் சொன்னது? அன்றிரவு பதினொரு மணிவரை பேசினோம். முழுப் பதில் கிடைத்தது என்று நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் வந்தான். இன்னும் வருகிறான்.

ஆகவே விழாக் கொடி இறக்கியபின் வரும் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு அறையில் கூடுவோம். இஞ்ஞாசியாரின் அந்தச் செபத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொண்டு பேசலாம். முதலில் பேசப் போவது நான் அல்லேன். அந்தக் கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார். அறையில் பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பெரியவர்கள் ஆளுக்கொரு பாய் கொண்டுவந்துவிடுங்கள்.