ஒரு கல்லூரி நண்பன்

தலைவர் அவர்களே, ஆயர் பெருமக்களே, இரவெல்லாம் பேருந்தில் வந்து தூக்கம் கலையாத கண்களோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

எனக்கு முன்னால் பேசிய பெரியவர் உங்கள்மேல் உள்ள அன்பினால் ஓர் அறிவுரை சொன்னார். மாணவர்கள் படிக்கட்டும், ஜெபிக்கட்டும், போராட்டமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் வயதுக்கு என் வணக்கம். அந்த அறிவுரையை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஏன் முடியாது என்று சொல்வதற்கு உங்களை 1970-ஆம் ஆண்டின் சியோல் நகரத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

அங்கே ஓர் ஓடைக்கரையில் பியோங்குவா சந்தை. பியோங்குவா என்றால் அமைதி. கீழே துணிக்கடைகள், மேலே தையல் கூடங்கள். இடத்துக்கு ஆசைப்பட்டு, ஓர் அறையின் உயரத்தை நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். உள்ளே ஒன்றரை மீட்டர்தான் உயரம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அந்தப் பரணில் பள்ளிக்குப் போகவேண்டிய வயதுப் பெண்பிள்ளைகள், நாளொன்றுக்கு 14 மணி நேரம், 15 மணி நேரம் குனிந்தபடியே வேலை பார்த்தார்கள். சன்னல் கிடையாது. துணித்தூசியைத்தான் மூச்சாக இழுத்தார்கள். இருமலில் ரத்தம் வந்தால் வேலை போயிற்று.

அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்தவர் ஜொன் தே-இல். வயது 22. வறுமை அவரைப் பள்ளியில் நிலைக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். மற்ற நாட்களில், பசியோடு மயங்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தன் பஸ் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, பல மைல் தூரம் வீட்டுக்கு நடந்தே போவார்.

நாட்டில் தொழிலாளர் சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1953-லேயே இயற்றிவிட்டார்கள். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. அப்படி ஒரு சட்டம் இருப்பதே ஜொன்னுக்குத் தன் தந்தை சொல்லித்தான் தெரிந்தது. கையில் காசில்லாத காலத்தில் சட்ட விளக்க நூல் ஒன்றை வாங்கினார். பக்கத்துக்குப் பக்கம் சீன எழுத்துகள், நீதிமன்ற மொழி. இரவு இரவாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார். அப்போது அவருக்கு வந்த ஏக்கம் ஒன்றுதான். தனக்கு ஒரு கல்லூரி மாணவன் நண்பனாக இருந்திருக்கக்கூடாதா, இதை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கக்கூடாதா என்று ஏங்கினார்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த ஏக்கத்தை வாசித்த நாளிலிருந்து அது என்னை விட்டுப் போகவில்லை. அதே சியோலில் சட்டக் கல்லூரி இருந்தது. 1887 முதல் நடக்கும் சேமுனான் சபை இருந்தது. ஞாயிறு தோறும் கோயில்கள் நிரம்பின, மாணவர் ஐக்கியங்கள் கூடின, வேத ஆராய்ச்சி நடந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட ஜொன்னுக்கு அந்த நூலை வாசித்துச் சொல்ல வரவில்லை. அவர்கள் கெட்டவர்களா? படித்துக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தவர்கள். நமக்குச் சொல்லப்பட்ட அறிவுரைப்படியே நடந்தவர்கள்!

அவர்கள் துணை இல்லாமலே ஜொன் எல்லாவற்றையும் செய்து பார்த்தார். சக தொழிலாளரைச் சேர்த்துச் சங்கம் கண்டார். கேள்விப் படிவம் கொடுத்து, வேலை நேரத்தையும் நோயையும் கணக்கெடுத்தார். அரசு அலுவலகப் படிகளில் மனுவோடு ஏறி இறங்கினார். ஒரு நாளிதழ் செய்தி போட்டது. அதிகாரிகள் வாக்குறுதி கொடுத்தார்கள், பிறகு மறந்தார்கள். 1970 நவம்பர் 13 அன்று, உயிரில்லாத அந்தச் சட்டத்தின் பிரதியோடு தன்மேலும் தீ வைத்துக்கொண்டார். அந்த முடிவைப் போற்றிப் பேச நான் வரவில்லை. எந்தத் தாயின் பிள்ளையும் அப்படிப் போகக்கூடாது. அந்த இடத்துக்கு அவரைத் தனியே நடக்கவிட்டவர்கள் யார் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி கொரிய மாணவர்களைக் குத்தியது. சேமுனான் சபையின் மாணவர்கள் உபவாசம் இருந்தார்கள். மழைக்காகவோ தேர்வுக்காகவோ இருந்த உபவாசம் இல்லை அது. தங்கள் அலட்சியத்துக்காக மனம் கசந்து இருந்தது. ஜொன்னின் தாய் லீ சோ-சொன், மகனின் கோரிக்கைகளுக்கு வழி பிறக்கும்வரை உடலை வாங்க மறுத்தார். சமாதானப்படுத்த நீட்டிய பணத்தைத் தொடவில்லை. இரண்டு வாரத்தில் அந்தச் சந்தையில் தொழிற்சங்கம் எழுந்தது. கொரியக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனத்தின் பிள்ளைகள் சேரிகளிலும் ஆலைகளிலும் போய்த் தங்கினார்கள்.

அதற்கு விலை கேட்டது அரசு. 1974 ஏப்ரலில் அதிபர் பார்க் சுங்-ஹீ நான்காம் அவசர ஆணையைப் போட்டார். மாணவர் இயக்கத்துக்கு மரண தண்டனை வரை உண்டு என்றது அந்த ஆணை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரணைக்கு இழுத்தார்கள். கிறிஸ்தவ மாணவர் தலைவர்களும் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். அதே ஆண்டு பிரதமர் கிம் ஜோங்-பில், ரோமர் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஆட்சிக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சபைக்கு உபதேசம் செய்தார். சிறைக்கதவைப் பூட்டிய கையே வேதத்தையும் விரித்தது! நம் ஊரிலும் மாணவன் வாய் திறந்தால் உடனே அந்த அதிகாரத்தைத்தானே எடுக்கிறார்கள்? ஆட்சியாளரின் அநீதியைக் கண்டித்த ஏசாயாவும் ஆமோசும் அதே வேதத்தில்தானே இருக்கிறார்கள்?

சிறைப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சொல்லாத ஜெபமா? வியாழக்கிழமை தோறும் கூடி ஜெபித்தார்கள். ஜெபம் போதும் என்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்தக் கூட்டத்தில், கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த எட்டுப் பேருக்காக ஜார்ஜ் ஓகிள் என்ற அமெரிக்க மிஷனரி ஜெபித்தார். 1974 டிசம்பரில் அவரை நாடு கடத்தினார்கள். 1975 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்து ஒரு நாள் முடிவதற்குள் அந்த எட்டுப் பேரையும் தூக்கிலிட்டார்கள். 2007-இல் அதே நாட்டின் நீதிமன்றம் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. 32 ஆண்டு கழித்து!

இனி நம்மிடம் வருகிறேன். நம் நிகழ்ச்சி நிரலில் பதினோரு தீர்மானங்கள் இருக்கின்றன. வாசித்துப் பார்த்தேன். மனித உரிமை, சமூக நீதி, ஆசிய ஒருமைப்பாடு. தமிழ் நன்றாக இருக்கிறது. ஒன்றிலாவது ஒரு தொழிலாளியின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ, நாம் போகப்போகிற தேதியோ இல்லை.

நம் சபைப் பாடகர் குழுவில் பாடும் பெண் திங்கட்கிழமை நூற்பாலைக்குப் போகிறாள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கிய மாவட்டங்கள் நம்முடையவை. அவள் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறார்களா, பிடித்ததைக் கட்டியிருக்கிறார்களா, மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி வந்ததா? நம்மில் யார் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம்? இன்னும் கிட்டே வருகிறேன், ஆயர்கள் மன்னிக்கவேண்டும். நம் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கழிவறை கழுவும் அக்காமாரை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு, அவர்களுக்கு என்ன கூலி என்று கேட்காமல் இருக்கும் நிர்வாகங்கள் உண்டு. அங்கே படித்துத்தான் நாமும் பட்டம் வாங்கினோம்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சமூகப் பணி படிப்பவர்கள், வணிகவியல் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். ஜொன் எழுத்துக்கூட்டிய இரவுகளில் அவருக்குத் தேவைப்பட்ட ஆட்கள் நீங்கள்தான்.

இந்தப் பந்தலின் இடப்புறம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், மாதத்தில் எந்த இரண்டு ஞாயிறு மாலை வரமுடியும் என்று எழுதுங்கள். ஆலை ஹாஸ்டல்களுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று சபைகள் தங்கள் கூடத்தைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கின்றன. சம்பளச் சீட்டோடு வரச்சொல்லியிருக்கிறோம். தீர்மானங்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிக்கலாம், தலைவர் அனுமதிக்கவேண்டும். முதலில் அந்த நோட்டு நிரம்பட்டும்.